அரைப் பஸ்கி போதாது

"முழுசா உட்கார்ந்தா முட்டி தேஞ்சிடும் மாஸ்டர்." எங்கள் ஜிம்மில் புதிதாகச் சேருகிறவர்கள் யாரிடமோ கேட்டுவந்து எனக்கே சொல்லும் பாடம் இது. தோளில் பெரிய எடையை ஏற்றி, நாலு விரற்கடை இறங்கி ஏறிவிட்டு, கண்ணாடியில் தொடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பஸ்கி என்றால் அடிவரை போவதுதான்.

இந்தப் பயத்துக்குப் பூர்வீகம் உண்டு. 1961-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் க்ளைன், ஆழமாக உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் தசைநார்கள் தளரும் என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. பயம் மட்டும் தங்கிவிட்டது.

மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வந்தால் அந்தச் சாப்பாடு நன்றாக உள்ளே இறங்கும். தசையும் எந்தக் கோணத்தில் பழகுகிறதோ அங்கேதான் அதிகம் பலப்படும்.

என்னிடம் வரும் ஓர் அம்மா அறுபதைத் தாண்டியவர். எடையே கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, உயரமான பெஞ்சில், வலிக்காத அளவுக்கு உட்கார்ந்து எழச் சொன்னேன். உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். இப்போது மனைப்பலகையிலிருந்து கம்பியைத் தொடாமல் எழுகிறார். குதிகால் மட்டும் லேசாகத் தூக்குகிறது. கணுக்கால் இறுக்கம், அதற்குத் தனி வேலை நடக்கிறது.

முட்டியில் வீக்கமோ பழைய அடியோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் வீம்பை விட்டுவிட்டு, கம்பியில் மாட்டிய தட்டுகளில் பாதியைக் கழற்றுங்கள்; முழுசாக உட்கார்ந்து எழுங்கள்.