வெள்ளி நாலணா: சின்ன பட்ஜெட்டில் ஒரு சேகரிப்பு

பழைய நாணயம் சேர்ப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. செய்தியில் வருவதும் அப்படித்தான். ஒரே ஒரு காசு, பல லட்சத்துக்கு ஏலம்! இதைப் படிக்கிற கல்லூரி மாணவன் "இது நமக்கு ஆகாதுப்பா" என்று ஒதுங்கிவிடுகிறான். ஒதுங்க வேண்டிய அவசியம் இல்லை. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருக்கிறவன், மாதம் ஒரு சினிமாவையும் இரண்டு பிரியாணியையும் விட்டுக்கொடுத்தால், ஒரு வருடத்துக்குள் கையில் வைத்துப் பார்க்கும்படியான ஒரு வெள்ளிக் காசுத் தொகுப்பு சேர்ந்துவிடும். அதற்கு அவன் தேட வேண்டியது அபூர்வமான ரூபாயை அல்ல. வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி நாலணாவை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. அங்கே பத்து சென்ட் காசுக்கு 'டைம்' என்று பெயர். 1964 வரை அது 90 சதவீதம் வெள்ளி, எடை இரண்டரை கிராம். பெரிய வெள்ளி டாலரை வாங்க முடியாத பள்ளிப் பையன்களும் தபால்காரர்களும் இந்தச் சின்னக் காசைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள். அதற்குச் சரியான ஜோடி இங்கே நாலணா, அதாவது கால் ரூபாய். எடை 2.92 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. 1835ல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் என்று சட்டம் போட்டபோது ஆரம்பித்தது. 1940ல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1946ல் வெள்ளியே போய் நிக்கல் வந்துவிட்டது. அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. 1957ல் நயா பைசா வந்த பிறகும் இருபத்தைந்து பைசாவை ஜனங்கள் நாலணா என்றுதான் சொன்னார்கள், 2011 ஜூன் மாதத்தோடு அது செல்லாமல் போகிற வரைக்கும்.

எத்தனை காசு வேண்டும்? ஆறு போதும். வில்லியம், விக்டோரியா ராணி, விக்டோரியா சக்கரவர்த்தினி (1877 முதல் பட்டம் மாறிவிட்டது), கிரீடம் இல்லாத மொட்டைத்தலையோடு எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ். நூற்றுப் பத்து வருட ஆட்சி ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும். வில்லியம் கொஞ்சம் விலை கூடுதலாக இருக்கும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மற்ற ஐந்தும், தேய்ந்த நிலையில், வெள்ளி விலையை ஒட்டியே கிடைக்கக் கூடியவை. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு காசு என்று ஆரம்பிப்பவர்கள் பாதியில் சலித்துப் போவதுதான் வழக்கம். ஆறு என்பது முடிக்கக்கூடிய எண்ணிக்கை.

விலைக் கணக்கு தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது. 2.92 கிராமில் சுத்த வெள்ளி ஏறத்தாழ 2.67 கிராம். வெள்ளி கிராம் நூறு ரூபாய் என்றால் அந்த நாலணாவுக்குள் இருக்கிற வெள்ளி 267 ரூபாய். கிராம் இருநூறு என்றால் 534. 1940க்குப் பிந்திய பாதி வெள்ளிக் காசில் 1.46 கிராம்தான், ஆகவே ஏறத்தாழ பாதி விலை. அன்றைய விலையை வைத்து இதைப் பெருக்கிக்கொண்டு போனால் ஏமாற வாய்ப்பு குறைவு. பத்தர் கடையில் பழைய வெள்ளியை எடுக்கும்போது கழிவு போட்டுத்தான் எடுப்பார்கள். உருக்குவதற்கு முன்னால் அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க ஒருவன் வந்து நின்றால், இரண்டு பேருக்கும் லாபம்.

"உருக்குவதற்கு முன்னால்" என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். 2025ல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஏறியபோது, வீட்டில் சும்மா கிடந்த பழைய வெள்ளியெல்லாம் கடைக்கு வர ஆரம்பித்தது. கொலுசு, குங்குமச் சிமிழ், கூடவே பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த நாலணாவும். டெல்டா வீடுகளில் இந்தக் காசுகள் இருந்த இடங்களே தனி: பத்தாயத்தின் அடியில், அஞ்சறைப் பெட்டியில், குழந்தையின் அரைஞாண் கயிற்றில். அங்கிருந்து வெளியே வந்த காசு நேராகப் போகிற இடம் உருக்கும் மூசைதான்.

இது புதிதும் அல்ல. முதல் உலகப் போர் சமயத்தில் வெள்ளி விலை ஏறி, ரூபாயை ரூபாயாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம் என்ற நிலை வந்தது. அரசாங்கம் தவித்துப் போய் 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. அடுத்த வருடம் இரண்டணாவை வெள்ளியிலிருந்து நிக்கல் கலந்த செம்புக்கு மாற்றியது. அதே 1918ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் பெரும்பகுதியை இந்தியாவில் ரூபாய் அடிப்பதற்காக பிரிட்டனுக்கு விற்றது. ஆக அன்றைக்குத் தஞ்சாவூர் மிராசுதார் எண்ணிக் கட்டிய கிஸ்திப் பணத்தில் கொஞ்சம் அமெரிக்க டாலரும் கலந்திருக்கலாம்! பின்னால் 1980ல் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது, அமெரிக்காவின் 'டைம்' காசுகளும் மூட்டை மூட்டையாக உருக்கப்பட்டன.

இப்படி உருகுவது எப்போதுமே சாதாரணக் காசுதான். அபூர்வமான 1939ஆம் வருட ரூபாயை யாரும் உருக்க மாட்டார்கள். அதைக் காப்பாற்றப் பணக்காரர்கள் இருக்கிறார்கள், ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கில் அடித்து, சந்தையிலும் அறுவடைக் களத்திலும் கை மாறித் தேய்ந்த நாலணாவுக்கு அப்படி யாரும் இல்லை. சின்ன பட்ஜெட்காரன் எடுத்து வைத்தால்தான் உண்டு. அதனால் "பணம் இல்லாததால் மட்டமான காசைச் சேர்க்கிறான்" என்று அவனை இளக்காரமாகப் பார்ப்பது சரியில்லை.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்லலாம். ஓட்டை போட்ட காசு, வளையம் பற்றவைத்த காசு என்றால் சேகரிப்பாளர்கள் தொட மாட்டார்கள். 'டேமேஜ்' என்று ஒதுக்கிவிடுவார்கள். ஏலப் பட்டியலுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டதும், இடுப்பில் கட்டியதும்தானே இந்தக் காசின் பாதி வாழ்க்கை? பெட்டியில் பளபளப்பாகத் தூங்கிய காசைவிட அந்த ஓட்டைக் காசுக்குச் சொல்ல விஷயம் அதிகம். விலையும் குறைவு. தொகுப்பில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் காசு எதற்கு, சோழன் காசு இல்லையா என்று தஞ்சாவூரில் கேட்காமல் விட மாட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் உட்கார்ந்த உருவமும், நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயரும் உள்ள செப்புக் காசு இன்றும் விலைக்கு வருகிறது. நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் ஊர்ப் பெயரைத் தமிழிலேயே பொறித்து வெளியிட்ட செப்புக் காசும், தரங்கம்பாடியின் டேனிஷ் காசும் உண்டு. (வெள்ளி நாலணாவில் தமிழ் எழுத்து கிடையாது என்பது ஒரு குறைதான்.) இவற்றில் சங்கடம் இரண்டு. ஆற்று மணலிலோ வயலிலோ எடுத்ததா, குடும்பத்தில் வந்ததா என்பது தெரியாது. மண்ணிலிருந்து வந்ததென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் குறுக்கே வரும், கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டிய விவகாரம் அது. இரண்டாவது, தேய்ந்த செம்பில் அசல் எது, போலி எது என்று பிரிக்கப் பழகிய கண் வேண்டும். தினமலர் ஆசிரியராக இருந்த மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, ஒரு சின்னச் சதுரச் செப்புக் காசில் 'பெருவழுதி' என்ற பாண்டியன் பெயரைப் படித்து 1980களில் உலகுக்குச் சொன்னார். அந்தக் கண் ஒரே நாளில் வருவதில்லை. நாலணாவில் பழகிவிட்டு அங்கே போகலாம்.

போலி என்றதும் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்டு, 1818 என்று வருடமும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் உள்ள காசு ஊர் ஊராகச் சுற்றுகிறது. கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடித்ததே இல்லை. அதை அரிசிக்குப் பக்கத்தில் வைத்தால் அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கு வாங்குவார்கள் என்று சொல்லி லட்சக்கணக்கில் சுருட்டும் கும்பல்கள் போலீஸில் பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வருவதுண்டு. நெல் விளைகிற பூமியில் அரிசியை வைத்தே ஏமாற்றுகிறார்கள்! பழைய காசை லட்ச ரூபாய்க்கு வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்கிற ஆன்லைன் விளம்பரமும் இதே ஜாதிதான். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது.

நாலணாவைச் சோதிக்கப் பெரிய வித்தை வேண்டாம். சின்னத் தராசு ஒன்று, காந்தம் ஒன்று. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1946, 47 நிக்கல் நாலணா ஒட்டும். எடை 2.92க்குச் சற்றுக் குறைந்தால் அது தேய்மானம், ரொம்பக் குறைந்தால் சந்தேகம்தான். வாங்கிய காசைப் புளி போட்டோ, விபூதி போட்டோ, பல்பொடி போட்டோ தேய்க்கவே கூடாது. அந்தக் கருப்பு அழுக்கல்ல, காசின் வயது. தேய்த்தால் வெள்ளி பளபளக்கும், காசு போய்விடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவதும் கெடுதல், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். சின்னக் காகிதக் கவர் போதும். கவரின் மேல் எந்த ஊர், யார் வீட்டுக் காசு, என்ன விலை என்று எழுதி வைப்பது அவசியம். "ஒரத்தநாடு, அப்பாயி பெட்டி" என்று எழுதிய கவருக்குள் இருக்கும் தேய்ந்த ஜார்ஜ், பெயர் தெரியாத பத்து விக்டோரியாவுக்குச் சமம்.

ஆறாம் ஜார்ஜ் வாங்கும்போது 1943 முதல் 45 வரையிலான காசில் எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது லாகூர் நாணயச்சாலையில் அடித்தது. பாதி வெள்ளிதான், விலையும் குறைவுதான். ஆனால் நாலு வருடத்தில் வேறு நாடாகிப் போன ஊரில் அடித்த காசு காவிரிக்கரை வரை வந்திருக்கிறது.

ஆறும் சேர்ந்த பிறகு ஆசை அடங்கவில்லை என்றால் இரண்டணா இருக்கிறது. நாலணாவில் சரிபாதி, 1.46 கிராம், சட்டைப் பொத்தான் அளவு. 1917க்குப் பிறகு வெள்ளியில் வரவில்லை. அவ்வளவு சின்னது என்பதால் கடையில் மற்ற காசுகளோடு பரப்பி வைக்க மாட்டார்கள், தனியாகக் கேட்டால்தான் டப்பாவிலிருந்து எடுத்துக் கொட்டுவார்கள்.