அலுவலகக் கதவும் எதிர்வரிசைக் கடைகளும்

ஓர் ஊரின் வணிகத்தை அளக்க விரும்புவோர் அதன் பெரிய கடைத்தெருவையே நோக்குவர். நகைக்கடை, துணிக்கடை, மளிகை மொத்த வணிகம் யாவும் அங்கே உள்ளன. அவற்றுக்குச் சங்கம் உண்டு, தலைவர் உண்டு, குறை நேர்ந்தால் அமைச்சர் வரை சென்று முறையிட வழியும் உண்டு. வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், கருவூலம், நீதிமன்றம் ஆகியவற்றின் எதிர்வரிசையிலும் ஒரு சிறு வணிக உலகம் இயங்குகிறது. அரசு அலுவலகங்களின் வேலை நேரத்தைக் குறைப்பது பற்றியும் வேலை நாட்களைச் சுருக்குவது பற்றியும் பேசப்படும்போது இவ்வுலகம் எவர் நினைவிலும் வருவதில்லை. அதனை நினைவிற்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் மதுரை மாநகரின் பகற்கடைகளாகிய நாளங்காடியையும் இரவுக் கடைகளாகிய அல்லங்காடியையும் நம் கண்முன் நிறுத்துகிறார். அவ்வணிகர்கள் கதிரவனை நோக்கிக் கடை திறந்தனர். எதிர்வரிசைக் கடைக்காரரோ அலுவலகக் கதவை நோக்கிக் கடை திறக்கிறார். காலை 10 மணிக்குக் கதவு திறந்தால் அவருக்கு விடியல், மாலை 5.45க்கு மூடினால் அந்தி. சனியும் ஞாயிறும் அவருக்கு விடிவதே இல்லை.

அங்கே யார் யார் வாழ்கின்றனர்? பத்திர எழுத்தர் இருக்கிறார். முத்திரைத்தாள் விற்பவர் இருக்கிறார். மரத்தடியில் ஒரு பலகையும் வெள்ளைத்தாள் கட்டும் வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுக்கும் முதியவர் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் அவரிடமே செல்கின்றனர், ஏனெனில் எந்தக் குறையை எந்த அலுவலருக்கு எந்த முறையில் எழுத வேண்டும் என்பது அவருக்கே தெரியும். ஜெராக்ஸ் கடை, கடவுச்சீட்டளவுப் படம் எடுத்துத் தரும் கடை, இ-சேவை மையம், தேநீர்க் கடை, தயிர்ச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொட்டலமாக விற்கும் அம்மையார், மிதிவண்டி நிறுத்தகம், ஆட்டோ நிறுத்தம் என்று வரிசை நீளும். நிலம் பதிவானால் மிட்டாய்க் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் வணிகம் நடக்கும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் எதிரே விற்கும் தேநீருக்கும் வியாழக்கிழமை விற்கும் தேநீருக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரரிடம் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார்.

இவர்களின் கணக்கு எளியது; எளியதாயினும் கொடியது. ஆண்டின் 365 நாட்களில் சனி, ஞாயிறு ஆகிய இரண்டும் சேர்ந்து 104 நாட்களைக் கொண்டுவிடும். பண்டிகை முதலிய அரசு விடுமுறைகளையும் கழித்தால் ஏறத்தாழ 240 நாட்களே அலுவலகக் கதவு திறந்திருக்கும். கடை வாடகையோ 12 மாதங்களுக்கும் உரியது. முன்பணத்திற்கு வட்டி, நகலெடுக்கும் இயந்திரத்திற்குத் தவணை, உதவியாளாக நிற்கும் பையனின் ஊதியம் ஆகிய எதுவும் சனிக்கிழமைக்கென்று குறைவதில்லை. 240 நாள் வருவாயில் 365 நாள் செலவைத் தாங்கும் கடைக்கு, நாள்தோறும் ஒரு மணி நேரம் குறைந்தாலும் அது ஆண்டில் ஏறத்தாழ 30 வேலை நாட்களை இழந்ததற்கு ஒப்பாகும்.

இனி மற்றொரு பக்கம் உண்டு. அலுவலகத்தை நம்பி விற்கும் கடைக்காரர் ஒருபுறமிருக்க, அலுவலகத்திற்குச் சென்று வேலை முடிக்க வேண்டிய கடைக்காரரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு தையற்காரர், ஒரு செருப்புக் கடைக்காரர், தனி ஆளாக நின்று வளையல் விற்கும் ஒரு பெண்மணி ஆகியோருக்கு வாரிசுச் சான்றோ பட்டா மாறுதலோ தேவைப்பட்டால், கடையை மூடிவிட்டே செல்ல வேண்டும். அலுவலகம் திறந்திருக்கும் பொழுதே அவர்தம் கடைக்கும் பொழுது. ஒருமுறை சென்றால் முடியும் வேலைக்கு மூன்று முறை சென்றால் மூன்று நாள் வணிகம் போயிற்று.

நம் சமுதாயத்தார் மிகுந்து வாழும் ஊர்களில் இந்த நெருக்கடி வெள்ளிக்கிழமையன்று நன்கு தெரியும். ஜும்ஆத் தொழுகைக்கு நண்பகலில் கடை அடைக்கப்படுகிறது. தொழுது வந்து, உண்டு, அலுவலகம் சென்றால் அங்கே உணவு இடைவேளை முடிந்து அலுவலர் அமர்ந்திருப்பார், அல்லது அமர்ந்திருக்கமாட்டார். அன்று விட்டால் பிறகு திங்கட்கிழமைதான். தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று இறைவனின் அருளாகிய பொருளைத் தேடுமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. வெள்ளிக்கிழமை முழு ஓய்வு நாளாக விதிக்கப்படவில்லை என்பதைப் பெரியோர் அறிவர். ஆகவே நம் வணிகர் ஓய்வைக் கேட்கவில்லை. வெள்ளி மாலையிலும் சனியிலும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்றே கேட்கின்றனர்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு; அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. எதிர்வரிசைக் கடைகள் மக்களின் காத்திருப்பால் வாழ்கின்றன என்பதே அது. வேலை விரைவாக முடிந்தால் இரண்டாவது தேநீர் எதற்கு? இணையவழியே சான்றிதழ் கிடைத்தால் மனு எழுதுவோர் எதற்கு? தாமதத்தை உணவாகக் கொண்ட தொழிலுக்காக நாம் பரிந்து பேசலாமா? வாதத்தின் முற்பகுதியை நாம் ஒப்புகிறோம். இணையம் வந்த பின்னர் அலுவலகங்களின் எதிரே நின்ற தட்டச்சு நிலையங்கள் பல மறைந்தன. அதற்காக இணையம் வேண்டாம் என்று அறிவுடையோர் சொல்லார். வேலை குறைந்து கூட்டம் குறையுமாயின் கடைக்காரர் வேறு தொழில் தேடிக்கொள்வார். மக்களுக்கேனும் நன்மை விளையும். ஆனால் வேலை குறையாமல் நேரம் மட்டும் குறைந்தால் காத்திருப்பு அழிவதில்லை. இன்றிலிருந்து நாளைக்கு இடம் மாறுகிறது. அங்கே கடைக்காரரும் இழக்கிறார். கூலியை விட்டுவிட்டு வந்தவரும் இழக்கிறார். நடுவே நிற்கும் இடைத்தரகர் ஒருவரே வாழ்கிறார். நேரம் சுருங்கச் சுருங்க அவருடைய கட்டணம் உயரும்.

அரசு ஊழியரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. நடுவணரசு 1985இல் ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தபோது நாள்தோறும் பணி நேரம் கூட்டப்பட்டது. இரு நாள் ஓய்வு ஊழியரின் குடும்பத்திற்கு, சிறப்பாகப் பணிபுரியும் மகளிர்க்கு, எத்துணை ஆறுதல் என்பதை யாவரும் அறிவர். (ஆசிரியர்களாகிய நாம் விடுமுறை பற்றிப் பேசுவதைக் கேட்டு வணிக நண்பர்கள் நகைப்பதும் உண்டு.) ஊழியரின் ஓய்வும் அலுவலகத்தின் ஓய்வும் ஒன்றே எனக் கொண்டதில்தான் பிழை இருக்கிறது. மருத்துவமனையும் காவல் நிலையமும் தொடர்வண்டி நிலையமும் ஊழியர்க்கு ஓய்வு தந்துகொண்டே திறந்திருக்கவில்லையா?

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், பெருந்தொற்றுக் காலத்தில், தமிழக அரசு அலுவலகங்கள் பாதிப் பணியாளர்களைக் கொண்டு வாரம் 6 நாட்கள் இயங்கத் தொடங்கின. 2021 சனவரி முதல் மீண்டும் 5 நாட்களாயின. சனிக்கிழமை திறந்திருந்த காலத்தில் மக்கள் அஞ்சி வீட்டில் இருந்தனர். மக்கள் வெளியே வந்த காலத்தில் சனிக்கிழமை மூடப்பட்டது. ஆகவே ஆறு நாள் வாரத்தின் பயனை நாம் நேர்மையாகச் சோதித்ததே இல்லை எனலாம்.

அண்டை நாடுகளிலும் பிற மாநிலங்களிலும் நேரம் குறைந்ததுண்டு. 2022இல் வங்கதேசம் மின்சாரத்தைச் சேமிக்க அலுவலக நேரத்தைக் காலை 8 முதல் பிற்பகல் 3 வரை எனச் சுருக்கியது. அதே ஆண்டில் இலங்கை, எரிபொருள் தட்டுப்பாட்டால், அரசு ஊழியர்க்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாக அறிவித்தது. 2023 கோடையில் பஞ்சாப் அரசு அலுவலகங்கள் காலை 7.30க்குத் திறந்து 2 மணிக்கு மூடின. இவற்றுள் பஞ்சாபின் வழி நாம் கருதத்தக்கது. காலை 7.30க்கு அலுவலகம் செல்பவர் வேலையை முடித்துக்கொண்டு தம் கடையைத் திறக்க இயலும். கடிகாரத்தை நகர்த்துவதற்கும் குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் மாநிலத்திலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் கடைகள் ஆண்டு முழுவதும் இரவு பகலாகத் திறந்திருக்கலாம் என 2019இல் அரசே இசைவளித்தது. 2022இல் அதனை நீட்டித்தது. வணிகர்க்கு 24 மணி நேரத்தை வழங்கிய அரசு, அவ்வணிகர் வந்து நிற்கும் தன் வாயிலை மட்டும் 5.45க்கு மூடுகிறது. 2022இல் 100 சார்பதிவாளர் அலுவலகங்களைச் சனிக்கிழமைகளிலும் திறக்க முடிவு செய்தது பாராட்டத்தக்கது. ஆனால் அன்றைய பதிவுக்குக் கூடுதல் கட்டணம் என்பது, வார நாட்களில் வர இயலாத உழைப்பாளியிடமே தண்டம் கேட்பது போன்றது.

வட்டாட்சியர் அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒரு முகப்பு மட்டும், முறை வைத்து, சனிக்கிழமை நண்பகல் வரை திறந்திருக்கட்டும். அப்பணியாளர்க்கு வார நாளில் ஈடு விடுப்பு தரப்படட்டும். நேரத்தை மாற்றுவதாயின் ஒரு மாதம் முன்னரே வாயிலில் எழுதி ஒட்டட்டும். இவை அரசு செய்யத்தக்கவை. நம் ஜமாஅத் பெரியோர் செய்யத்தக்கது ஒன்றும் உண்டு. அலுவலகங்களை ஒட்டிப் பள்ளிவாசலுக்கு உரிய வக்ஃப் கடைகள் உள்ள ஊர்களில், வாடகையை உயர்த்தும் கூட்டத்தில் அலுவலகம் திறந்திருக்கும் நாட்களின் எண்ணிக்கையையும் மேசைமேல் வைத்துப் பேசலாம். வக்ஃபின் வருவாயைக் காப்பது கடமை. வாடகைதாரர் நிலைத்திருந்தால்தான் அவ்வருவாய் நிலைக்கும்.

நம் மாணவர்க்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு புதன்கிழமையும் ஒரு சனிக்கிழமையும் எதிர்வரிசையில் நின்று, எத்தனை கடைகள் திறந்திருந்தன, எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் வேலை முடியாமல் திரும்பினர் என்று எண்ணி எழுதட்டும். அக்கணக்கை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கத் திங்கட்கிழமை இருக்கிறது. மனுவை எழுதிக்கொள்ள மரத்தடி முதியவரும் இருக்கிறார்.