களைப்புக்குக் குளிசை விற்கிறார்கள்



தைரொய்ட் குறைவாகச் சுரக்கிற ஆளுக்கு எந்த விற்றமின் நல்லது என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னைக் கேட்டார்கள். எனக்கும் அந்த நோய் இருக்கிறது, அதனால்தான். மூன்று பேருமே காசைக் கட்டி வாங்கி முடித்துவிட்டுத்தான் கேட்டார்கள். பிள்ளைகளின் நடன வகுப்பு முடியும்வரை மண்டபத்தில் காத்திருக்கிற அம்மாமாருக்கு, தெரிந்த அன்ரி ஒருவர் மூலமாக அந்தப் பொதி விற்கப்படுகிறது: கடற்பாசி, பயோட்டின், செலினியம், இரும்பு. அன்ரியில் எனக்குக் கோபம் இல்லை. அவவும் தனக்கு மேலே உள்ள ஆளுக்குக் கணக்குக் காட்ட வேணும். கோபம் அந்தச் சங்கிலியில்தான்.

பொதியைப் பிரித்துப் பார்ப்பம். நோர்வேயில் தைரொய்ட் குறைவுக்கு முதன்மைக் காரணம் ஹஷிமோட்டோ: உடலின் நோயெதிர்ப்பே தன் சுரப்பியைத் தாக்குகிறது. அந்தச் சுரப்பிக்குக் கடற்பாசியால் அளவுமீறி அயடீன் ஊட்டினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் வைத்தியரிடம் கேட்டே முடிவெடுக்க வேணும். செலினியம் எல்லாருக்கும் உதவும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

பயோட்டின்தான் பெரிய பகிடி. தைரொய்ட் குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் பயோட்டின் விற்பார்கள். நாளுக்கு ஒரு 40 மைக்ரோகிராம் போதுமான சத்தை 5,000, 10,000 என்று அடைத்து விற்கிறார்கள். அந்த அளவு இரத்தத்தில் இருந்தால் சில ஆய்வுகூட முறைகளில் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ரி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. விளைவு? மருந்து தேவையான ஆளுக்கு வைத்தியர் மருந்தைக் குறைக்கக்கூடும். களைப்பு கூடும். அன்ரி அடுத்த போத்தலைக் காட்டுவா.

இரும்பும் கல்சியமும் குடலில் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடையில் நாலு மணித்தியாலம் வேணும். விடியக் காலமை வெறுவயிற்றில் தண்ணியோட தைரொக்சின், அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி. இதைச் சொல்லித்தர ஒரு குரோனரும் செலவில்லை. அதனால்தானோ என்னவோ ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை.

அப்ப ஒன்றுமே தேவையில்லையா? தேவை, ஆனால் இரத்தத்தைப் பார்த்துவிட்டு. 2000களின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் ஐந்து குடியேறிய சமூகங்களிடம் நடந்த ஆய்வில் விற்றமின் டி குறைபாடு பரவலாக இருந்தது. அந்த ஐந்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் ஒரு சமூகம். ஒரு தேக்கரண்டி மீனெண்ணெயில் 10 மைக்ரோகிராம் டி இருக்கிறது. நோர்வேக்காரர் குளிர்காலம் முழுக்கக் குடிக்கிறது அதைத்தான், விலையும் பொதியைப் போல இல்லை. ஃபெரிட்டின், பி12 இரண்டையும் குடும்ப வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கட இடதுசாரி நண்பர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கு. "சுயபராமரிப்பு" என்று நாங்களும் அதே குளிசைகளைப் பகிர்கிறோம். இந்த நாட்டின் உள்நிலத்தில் ஒரு காலம் தொண்டைக் கழலை பரவலாக இருந்தது. அதை ஒழித்தது எந்தப் போத்தலும் இல்லை. 1950 முதல் மாட்டுத் தீவனத்தில் அயடீன் சேர்த்தார்கள், பாலோடு அது எல்லா வீட்டுக்கும் போனது, ஒருத்தரும் தனியாகக் காசு கட்டவில்லை. இப்ப ஓட்ஸ் பாலுக்கு மாறுகிற எங்கட தலைமுறை போத்தலைத் திருப்பி அயடீன் சேர்த்திருக்கா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இளம் பெண்களுக்கு அயடீன் போதவில்லை என்று நோர்வேயின் தேசிய போசாக்குச் சபை 2016இல் எச்சரித்தது. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் கட்டாயம். பணக்கார நோர்வேயில் கட்டாயம் இல்லை. ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் கொட் மீன் வெட்டித்தான் எங்கட பெற்றோரில் எத்தனையோ பேர் இங்கே கால் ஊன்றினார்கள். அயடீன் நிறைந்த அந்த மீனை வெட்டினவர்களின் பிள்ளைகளுக்கு இப்ப கடற்பாசியை மாதத் தவணையில் விற்கிறார்கள்.

இரவில் அலுவலகம் துடைத்து, காலையில் முதியோர் இல்லத்தில் நிற்கிற அம்மாவின் களைப்பை எந்தக் குளிசை தீர்க்கும்? அவவுக்கு முதலில் வேண்டியது ஒரு இரத்தப் பரிசோதனை, ஒரு மொழிபெயர்ப்பாளர், மனிசருக்கேற்ற ஒரு வேலை அட்டவணை. தேவைப்படும் நேரத்தில் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது பொது நிறுவனங்களின் கடமை என்று 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. கேட்டால்தான் வரும், மகளை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை.

அடுத்த விளையாட்டுப் போட்டியிலும் அந்த மேசை வரும். பக்கத்தில் நாங்களும் ஒன்று போடுவம்: எந்தப் பரிசோதனைகளைக் கேட்பது, எதை எப்ப விழுங்குவது என்று தமிழில் ஒரு ஒற்றைத் தாள். எழுத நான் தயார். அச்சடிக்கவும் மேசையில் நிற்கவும் ஆள் வேணும். இந்த மடலுக்கே பதில் போடுங்கோ.