சான்றிதழா மருந்து கொடுக்கும்?

நாடகக் கொட்டகையிலே ராஜபார்ட்டுக்காரர் வரவில்லை; அவருடைய கிரீடத்தை ஆணியில் மாட்டிவிட்டு, திரை இழுக்கும் பையனைக் கொண்டே ஆட்டத்தை நடத்துகிறார்கள் என்றால், காசு கொடுத்துச் சென்றவர்கள் கைகட்டி இருப்பார்களா? கொட்டகை கொதித்தெழாதா? கேளிக்கைக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பை உயிர் காக்கும் மருந்துக்குக் காட்டுகிறோமா நாம்?

மருந்துக் கடையின் சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் மருந்தாளுநரின் சான்றிதழ் தொங்குகிறது. அதற்குரியவர் எங்கே என்று கேளுங்கள். “இப்போதுதான் வெளியே போனார்” என்பார்கள். எப்போது வருவார்? ஆய்வாளர் வரும்போது வருவார்! எல்லாக் கடையும் இப்படி என்று கூறவில்லை. நேர்மையாளர் பலர் உளர். ஆனால், சான்றிதழை வாடகைக்கு விட்டு, ஆளை வீட்டிலே விட்டு நடக்கும் கடைகள் இந்நாட்டில் உண்டு என்பதை அறியாதார் யார்?

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. 1945-இல் விதிகள் வந்தன. 1948-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையிலேதான் தரவேண்டும் என்பது விதி. வீரியமிக்க ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றுக்கு 2014 முதல் தனிப் பதிவேடு வேண்டும். எழுதிய மருத்துவர் யார், வாங்கிய நோயாளி யார், அளவு எவ்வளவு என்று குறித்து, மூன்றாண்டு காக்க வேண்டும். ஏட்டிலே சட்டம் இருக்கிறது. கடையிலே ஆள் இருக்கிறாரா? “ஜுரத்துக்கு நாலு மாத்திரை” என்றால் நாலு மாத்திரை கத்தரித்துத் தரப்படுகிறது. அரைகுறையாய் அடிபட்ட கிருமி, அடுத்த முறை அந்த மருந்துக்கே அடங்க மறுக்கிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலின், மின்சாரம் நின்ற குளிர்பதனப் பெட்டியிலே வெந்து கிடந்தால் கேட்பார் யார்?

அலட்சியத்தின் விலை என்ன? 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் எனும் நஞ்சிலே கரைத்து விற்ற மருந்து, நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அந்நாடு 1938-இலேயே புதுச் சட்டம் செய்தது. நாமோ, 1973-இல் சென்னையில் 14 குழந்தைகளை அதே நஞ்சுக்குக் கொடுத்தோம். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 உயிரைக் கொடுத்தோம். பாடம் கற்றோமா? 2025-இல், காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் செய்த இருமல் மருந்து, மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவிலே இருபதுக்கு மேற்பட்ட பிஞ்சுகளின் உயிரைக் குடித்தது. நூற்றில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாத நஞ்சு, 48.6 பங்கு இருந்ததாம்! பாதி மருந்து, பாதி நஞ்சு. ஆலை நம் மண்ணில் இருந்தது, தோழர்களே! தலை குனிய வேண்டியவர்கள் நாமும்தான்.

“ஆலை செய்த குற்றத்துக்குக் கடைக்காரன் என்ன செய்வான்?” என்பார்கள். குப்பியைக் கண்ணால் பார்த்து நஞ்சைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது, உண்மை. ஆனால், அந்த வகைக் கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரலாகாது என்று 2023-இலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கூறிவிட்டதே! “குழந்தைக்கு வயதென்ன?” என்று கேட்க, கற்றவர் ஒருவர் கடையில் வேண்டாமா? இன்ன தொகுதி எண்ணில் நஞ்சு என்று அறிவிப்பு வந்த அன்றே, விற்ற குப்பிகளைத் தேடிப் பிடிக்க ரசீது வேண்டாமா? துண்டுத்தாளில் கூட்டல் கணக்குப் போட்டுக் கொடுத்தால், வீட்டு அலமாரியில் இருக்கும் நஞ்சை யார் போய்த் தடுப்பது?

“சம்பளம் கட்டுபடியாகாது” என்பது அடுத்த வாதம். சான்றிதழுக்கு வாடகை கட்டுபடியாகிறது. சான்றிதழுக்குரியவருக்கு ஊதியம் கட்டுபடியாகாதோ? பிரேக்குக்குச் செலவாகும் என்று பிரேக் இல்லாமல் பேருந்து ஓட்ட விடுவோமா?

ஆள்வோரைக் கேட்கிறோம்: ஆய்வாளர் பணியிடங்களை நிரப்புங்கள். சொல்லி வைத்து வராமல், சொல்லாமல் வாருங்கள். தரமற்றதெனக் கண்ட மருந்தின் தொகுதி எண்ணை ஒவ்வொரு கடை வாயிலிலும் தமிழிலே எழுதி ஒட்டச் செய்யுங்கள். ஆலையில் முந்நூறுக்கு மேற்பட்ட குறைகளைப் பிள்ளைகள் மாண்ட பிறகு எண்ணியது போதும், மாளுமுன் எண்ணுங்கள்!

தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. ஊர்தோறும் படிப்பகத்திலே எடுத்துச் சொல்லுங்கள். மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் மூன்று கேள்வி கேட்கட்டும்: மருந்தாளுநர் எங்கே? தொகுதி எண் போட்ட ரசீது எங்கே? காலாவதி நாள் எது? கோபத்தோடு அல்ல, குடிமகனின் உரிமையோடு கேட்கட்டும். கேட்கும் வாய் பெருகினால், சுவரிலே தொங்கும் சான்றிதழுக்குக் கீழே ஆள் வந்து நின்றே தீரவேண்டும்.