சோறு போட்டா போதும், மரியாதை எதுக்கு? - ஒரு த்ரெட்

1) "ஃப்ரீயா மருந்து, ஃப்ரீயா ஆபரேஷன். இதுல மரியாதை வேற கேக்குதா இவங்களுக்கு?"

போன வாரம் கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட சொந்தக்காரர் கேட்டது. உங்களில் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள், சிலர் சொல்லியும் இருப்பீர்கள். கோபப்பட வேண்டாம். அரசு மருத்துவமனையில் டியூட்டி பார்க்கும் நானே இப்படி நினைத்தவன்தான். நீளமான த்ரெட், பொறுமையாகப் படியுங்கள்.

2) இந்த எண்ணத்துக்குப் படித்தவர்கள் காட்டும் ஆதாரம் ஒன்று உண்டு. மாஸ்லோ பிரமிட். பி.எட், எம்.பி.ஏ, நர்சிங் படித்த எல்லோரும் பரீட்சையில் வரைந்திருப்பீர்கள். அடியில் சோறு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு. அப்புறம் அன்பு. அப்புறம் மரியாதை. உச்சியில் தன் திறமையை முழுசாக வெளிக்கொண்டு வருவது. கீழ் மாடி கட்டி முடிக்காமல் மேல் மாடிக்குப் போக முடியாது என்று பாடம் நடத்துவார்கள்.

ஆக, ஏழைக்கு மரியாதை இப்போதைக்குத் தேவையில்லை, முதலில் வயிறு நிறையட்டும். கணக்கு முடிந்தது!

3) ஆனால் ஆப்ரஹாம் மாஸ்லோ 1943இல் எழுதிய அந்தக் கட்டுரையில் பிரமிட் படமே கிடையாது. அது பின்னாளில் மேனேஜ்மென்ட் ஆட்கள் வரைந்தது. இந்த வரிசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு தேவை நூற்றுக்கு நூறு நிறைவேறினால்தான் அடுத்தது வரும் என்பது தவறான புரிதல் என்றும் அதே கட்டுரையில் சொல்கிறார். ஒரே மனுஷனுக்கு ஒரே நேரத்தில் எல்லாத் தேவையும் பாதி நிறைந்தும் பாதி நிறையாமலும்தான் இருக்கும்.

பாவம் மனுஷன். அவர் எழுதியதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

4) பசி சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, சுமார் ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கு நினைப்பெல்லாம் சாப்பாடு. சமையல் புத்தகத்தை உட்கார்ந்து படித்தார்கள். எரிச்சல், சோர்வு, மன அழுத்தம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பள்ளியில் சத்துணவும் காலை உணவும் போடுவது அதனால்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

5) என் கேள்வி வேறு. வயிறு நிறைந்தால் போதுமா?

1950களின் இறுதியில் ஹாரி ஹார்லோ என்ற விஞ்ஞானி குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு பொம்மைத் தாய்களிடம் விட்டார். ஒன்று வெறும் கம்பி, ஆனால் அதில்தான் பால். இன்னொன்று மெத்தென்ற துணி, அதில் பால் இல்லை. குட்டிகள் கம்பியிடம் பாலைக் குடித்துவிட்டு ஓடிப்போய்த் துணித் தாயைக் கட்டிக்கொண்டன. நாளின் பெரும்பகுதி அங்கேதான். இன்று பார்த்தால் கொடூரமான சோதனை. ஆனால் அது காட்டியது உண்மை. பால் கொடுத்தால் மட்டும் தாயாகிவிட முடியாது.

6) மனுஷனுக்கு வருவோம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து மூன்று அடிப்படைத் தேவைகளைச் சொன்னார்கள்.
- என் விஷயத்தில் எனக்கும் ஒரு சொல் இருக்கணும்.
- இது என்னால முடியும்னு தோணணும்.
- என்னை மனுஷனா மதிக்கிற நாலு பேர் இருக்கணும்.

இந்த மூன்றும் வசதி வந்த பிறகு வரும் ஆடம்பரம் இல்லை. குடிசையில் இருப்பவருக்கும் உண்டு.

7) "அதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது டாக்டர், நோய்க்கும் இதுக்கும் என்ன?" என்பீர்கள்.

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் பெண்ணோடு கூடவே ஒருவர் இருந்து தைரியம் சொன்னால் சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரம் குறைகிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் அமைப்பு சொன்னது இது. "கத்தாதே" என்று அதட்டும் நம் லேபர் வார்டுகளை நினைத்துப் பாருங்கள்.

8) இப்போது என் கதை.

மூட்டை தூக்கும் தொழிலாளி, ஐம்பது வயதிருக்கும், சர்க்கரை நோயாளி. ஓ.பி.யில் நல்ல கூட்டம். இரண்டு மாதம் மாத்திரை வாங்க வரவில்லை, சுகர் 380. எல்லார் முன்னாடியும் கத்தினேன். "ஃப்ரீயா தர்ற மாத்திரையைக்கூட ஒழுங்கா போட மாட்டியா? காலை எடுத்தாதான் புத்தி வருமா?"

என்னைவிட இருபது வயது மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டே போனார்.

9) ஐந்து மாதம் கழித்து வந்தார். வலது காலில் இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தது. எடுக்க வேண்டியதாகிவிட்டது. "ஏன்யா இத்தனை நாள் வரல?" என்று கேட்டேன்.

"வந்தா அன்னிக்குக் கூலி போயிடும் சார். அதுகூடப் பரவால்ல. நீங்க திட்டுவீங்களேன்னுதான் வரல."

நான் "இவருக்கு அக்கறை இல்லை" என்று ஓ.பி. சீட்டில் எழுதியிருந்தேன்.

10) கூலி போவது நிஜமான தடை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது இதற்காகத்தான். ஆனால் திட்டுக்குப் பயந்து வராதவருக்கு எந்தத் திட்டம் போடுவது? அது என் வாயில் இருக்கிறது.

11) சக மருத்துவர்களே, தெரியும். நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் நூறு பேரைப் பார்க்கிறோம். நமக்கும் தூக்கம் வேண்டும், நமக்கும் மரியாதை வேண்டும். அதைக் கேட்க வேண்டியது அரசாங்கத்திடம். கியூவில் முதலில் நிற்பவர் மேல் இறக்கி வைக்கக் கூடாது. "வாங்க, உட்காருங்க" என்று சொல்ல இரண்டு வினாடிதான் ஆகும்.

12) பொதுமக்களே, இது மருத்துவமனையோடு முடியவில்லை. "சம்பளம்தான் குடுக்குறோமே" என்று வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளரில் காபி கொடுக்கும்போது, நீங்களும் அதே பிரமிடைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள்.

இலவசம் என்று யாரும் பிச்சை போடவில்லை. அவர் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் வரி கட்டிவிட்டுத்தான் என் முன்னால் வந்து நிற்கிறார். என் சம்பளத்தில் அதுவும் இருக்கிறது.

13) அவர் இப்போது மாதம் தவறாமல் வருகிறார். போன முறை சுகர் 160. புதிதாக எந்த மருந்தும் சேர்க்கவில்லை. நான் "வாங்கய்யா" என்கிறேன், அவ்வளவுதான்.

அந்த இரண்டு விரல் மட்டும் திரும்ப வராது.