ஆச்சிக்கு வெள்ளையடிக்காதீர்கள்

மறைந்த தாய் தகப்பனின் உருவப்படத்தை ஓவியரைக் கொண்டு வரைவித்து வீட்டுச் சுவரில் மாட்டுவதை நம் தீவகத்தார் பலர் விரும்புகின்றனர். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளை வட்ஸ்அப்பில் ஒரு புகைப்படத்தை அனுப்புகிறார். யாழ்ப்பாணத்து ஓவியர் அதைப் பார்த்துத் தைலவண்ணத்தில் தீட்டிக் கொடுக்கிறார். நல்ல வழக்கம். அதைக் குறைகூற நான் வரவில்லை. படத்தோடு கூடவே வரும் நிபந்தனைகளைத்தான் குறைகூற வருகிறேன்.

ஓவிய நண்பர்கள் வாயிலாக அந்த நிபந்தனைகளைக் கேட்டறிந்திருக்கிறேன். "கொஞ்சம் வெள்ளையாய்க் கீறுங்கோ." "சுருக்கங்களை எடுத்துவிடுங்கோ." "நூல் சேலையைப் பட்டுச் சேலையாக்குங்கோ." "கழுத்திலே ஒரு சங்கிலி, கையிலே நாலு காப்பு." எல்லாம் முடிந்து விலையைச் சொன்னால், "ஒரு படத்துக்கு இவ்வளவு காசோ?" என்ற கேள்வி வேறு.

இந்த அற்பத்தனத்தின் கனத்தை உணர வேண்டுமாயின், தீவகத்தாருக்கு ஓவியர் ஏன் தேவைப்படுகிறார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் பிறந்தவர்கள் தென்னிலங்கை எங்கும் கடை வைத்து வாழ்ந்தார்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அக்கடைகள் எரிந்தபோது சுவரில் மாட்டியிருந்த படங்களும் எரிந்தன. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளில் தீவகமே இடம்பெயர்ந்தது. ஓடியவர்கள் கையில் எடுத்தது பிள்ளையையும் உறுதிப் பத்திரத்தையும்தான். புகைப்படத் தொகுப்பை எடுத்தவர் எத்தனை பேர்? பல குடும்பங்களில் ஆச்சியின் முகம் எஞ்சியிருப்பது ஒரேயோர் இடத்தில்: 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையில், கட்டைவிரல் நகமளவான கறுப்பு வெள்ளைப் படமாக.

அந்த நகமளவுப் படத்திலிருந்து ஒரு மனுஷியை மீட்டெடுப்பது சாதாரண வேலையல்ல. எஞ்சியிருக்கும் அந்த ஒரு முகத்தையும் அழித்துவிட்டு, தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியாரின் முகத்தை வைக்கச் சொல்கிறோம். எரித்தவன் பகைவன். இதைச் செய்கிறவன் பிள்ளை. வேறுபாடு அவ்வளவுதான்.

நெடுந்தீவில் சுண்ணாம்பும் சீமெந்துமின்றிப் பவளக்கல்லை அடுக்கியே வேலி கட்டினார்கள். அந்த வேலிகளின் ஓரமாக, உவர்க் கிணறுகளைத் தாண்டி, குடத்தை இடுப்பில் வைத்து நல்ல தண்ணீருக்கு நடந்த பெண்ணின் தோல் கறுத்துத்தான் இருக்கும். உப்புக் காற்றும் வெயிலும் எழுதிய அந்த நிறத்தை வெட்கமென்று உங்களுக்குக் கற்றுத் தந்தவர் யார்?

நகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆச்சியின் காப்பும் சங்கிலியும் எங்கே போயின என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஏஜென்சிக்குக் கட்டிய காசில் அவையும் அடக்கம். உங்களை விமானம் ஏற்றிய நகையை அவள் உயிரோடு இருக்கையில் மீட்டுக் கொடுக்காமல், இறந்த பின் இரண்டு துளி மஞ்சள் வண்ணத்தில் திருப்பிக் கொடுக்கிறீர்களா? அவளது வெறுங்கழுத்துத்தான் உங்கள் குடும்பத்தின் வரலாறு. அதை மூடாதீர்கள்.

காசு கொடுப்பவர் கேட்பதை வரைந்து கொடுப்பதுதானே ஓவியரின் வேலை என்பார்கள். 1954 இல் சேர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாளுக்காகப் பிரித்தானிய நாடாளுமன்றத்தினர் கிரஹாம் சதர்லாண்ட் என்ற ஓவியரைக் கொண்டு அவரது உருவப்படத்தைத் தீட்டுவித்தனர். முதுமையை உள்ளபடி காட்டிய அப்படத்தைச் சேர்ச்சில் வெறுத்தார். அவருடைய துணைவியாரின் விருப்பப்படி அது அழிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 1978 இல் உலகுக்குத் தெரிந்தது. இன்று அந்த முதியவரின் முகத்தைக் காண விரும்புவோர் சதர்லாண்டின் முன்வரைவுகளைத் தேடிப் போகிறார்கள். முகத்துக்குரியவர் வெறுத்த உண்மையையே பின்வந்தவர்கள் தேடுகிறார்கள். நம் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் தேடுவார்கள். அப்போது அவர்கள் கையில் முன்வரைவும் இராது.

கைத்தொலைபேசிச் செயலியும் செயற்கை நுண்ணறிவும் நொடியில் படம் தரும்போது ஓவியர் எதற்கு என்று கேட்பவர்களும் உளர். அது தருவது எவருடையதுமல்லாத வழவழப்பான ஒரு முகம். ஓவியர் உங்களிடம் கேள்வி கேட்பார்: எந்தக் கண் சிறியது? மறு எந்தப் பக்கம்? வெற்றிலை போட்ட வாயை எப்படி வைத்திருப்பார்? அந்தக் கேள்விகளுக்கு விடை தேடி நீங்கள் சித்தியையும் மாமாவையும் அழைத்துப் பேசுவீர்கள். படம் பாதி அங்கேதான் உருவாகிறது.

இது நமக்குப் புதிய கலையுமல்ல. 1938 இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கி ஓவியம் பயிற்றிய எஸ். ஆர். கனகசபை வாழ்ந்த மண் இது. அச்சுவேலியில் பிறந்து 2020 இல் மறைந்த ஆசை இராசையா மனித முகங்களை உள்ளது உள்ளபடி தீட்டிப் புகழ்பெற்றவர். இத்தகையோருக்குப் பின்வந்தவர்களைப் பார்த்து, "கையெழுத்தைப் போட வேண்டாம், படத்தின் அழகு கெட்டுவிடும்" என்று சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திய தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்தார்கள். அந்தப் படங்களில் ஒரு தழும்பைக்கூட நீக்க எந்தத் தாயும் உடன்படமாட்டாள். முகம் சாட்சி என்பதை அவர்கள் அறிவார்கள். வசதியோடிருக்கும் நாம்தான் மறந்துவிட்டோம்.

ஆகவே படம் வரைவிக்கும் அன்பர்களுக்குச் சொல்வேன். கிடைத்த புகைப்படங்கள் அனைத்தையும் கொடுங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி அவரைப் பற்றி ஓவியரிடம் பேசுங்கள். முற்பணம் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். நிறத்திலும் நரையிலும் கைவைக்கச் சொல்லாதீர்கள். ஓவியரின் கையெழுத்து படத்தில் இருக்கட்டும். படத்தின் பின்புறத்தில் ஆச்சியின் பெயர், பிறந்த தீவு, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், பேரப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதென்றால் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.