வெள்ளித்திரையில் நம் வீட்டு ஆள் எங்கே?

உழைக்கும் தமிழ்க் குடும்பங்களே!

2023 அக்டோபர் 19 அன்று ‘லியோ’ படத்துக்குக் கேரளத்தில் விடியற்காலை 4 மணிக்கே முதல் காட்சி. தமிழகத்திலோ 9 மணிக்குத்தான். எல்லை மாவட்டங்களிலிருந்து ரசிகர்கள் இந்தப் பக்கம் படையெடுத்தார்கள். மலையாள இளைஞர்களும் சேர்ந்து கொண்டாடினார்கள். மகிழ்ச்சி! ஆனால் தமிழ் நட்சத்திரத்துக்கு மாலை போடும் இதே மண்ணில், தமிழ்த் தொழிலாளிக்கு மட்டும் ‘பாண்டி’ என்ற பட்டம் ஏன்?

நாம் விமர்சகர்கள் அல்ல. ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் கைரளியிலோ ஸ்ரீபத்மநாபாவிலோ பிள்ளைகுட்டிகளோடு படம் பார்ப்பவர்கள். காசு கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. கேட்கிறோம்.

‘மேலேப்பறம்பில் ஆண்வீடு’ (1993) மலையாளிகள் கொண்டாடும் சிரிப்புப் படம். ஜெயராம் தமிழ்க் கிராமத்தில் ஷோபனாவை மணக்கிறார். வீட்டாருக்குப் பயந்து, வேலைக்காரி என்று சொல்லி அழைத்து வருகிறார். வீடு நம்பிவிடுகிறது! ஏன் நம்பியது? வாசலில் தமிழ்ப் பெண் நின்றால் பாத்திரம் தேய்க்கத்தான் வந்திருப்பாள் என்பது அந்த வீட்டின் நினைப்பு. கடைசியில் அவள் மருமகள் ஆகிறாள், சரி. உண்மையிலேயே பாத்திரம் தேய்க்க வந்தவளுக்கு என்ன மரியாதை? படம் கேட்கவில்லை. பாத்திரம் தேய்ப்பது இழிவல்ல. தேய்ப்பவளைத் தாழ்வாக நினைப்பதுதான் இழிவு.

‘பாண்டிப்பட’ (2005) படத்துக்குப் பெயரே வசவு. அரிவாள், மீசை, அடியாள் கூட்டம். இதுதான் தமிழ்க் கிராமமாம்! பிரகாஷ்ராஜ் சிரிக்க வைக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எழும் சிரிப்பு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளையைக் குத்துகிறது.

தமிழ்ப் படம் மட்டும் யோக்கியமா? டீக்கடை நாயரை வைத்து எத்தனை காலம் கேலி செய்தார்கள்! ‘ஜெயிலர்’ (2023) படத்தில் சிலை கடத்தும் வில்லனை மலையாளம் பேச வைத்தார்கள். விநாயகன் அபாரமாக நடித்தார். மோகன்லாலும் நாயகனுக்குத் துணையாக வந்தார். இருந்தாலும் கெட்டவன் பக்கத்து மாநிலத்தான் என்ற சூத்திரம் சூத்திரம்தான். இதற்கு விசிலடித்துவிட்டு ‘பாண்டிப்பட’வைக் கண்டிக்க நமக்கு வாயேது?

‘செல்லுலாய்டு’ (2013) இந்த நகரத்தின் கதை. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ இங்கேதான் கேப்பிடல் கொட்டகையில் ஓடியது. எடுத்தவர் அகஸ்தீசுவரத்து ஜே.சி.டேனியல். அந்த ஊர் இன்று நம் குமரி மாவட்டத்தில். கதாநாயகி பி.கே.ரோசி, உழைக்கும் தலித் பெண். நாயர் பெண்ணாக நடித்தாள் என்பதற்காகச் சாதி வெறியர்கள் அவளை விரட்டினார்கள். அவள் தமிழ்நாட்டுக்கு ஓடி, பெயர் மறைத்து வாழ்ந்து மறைந்தாள். டேனியல் பெயரில் இன்று கேரள அரசு விருது தருகிறது. சினிமாவின் அஸ்திவாரக் கல்லைச் சுமந்தவர்கள் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நல்ல படம் இல்லாமலில்லை. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) நாயகன் ஏலக்காய் மூட்டை சுமப்பவன். ஒரு துண்டு நிலம் அவன் கனவு. அந்த நிலத்தையும் இழந்து, அதில் எழுந்த காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். சண்டையில் நூறு பேரை அடிக்காத இந்த நாயகன் நம் வீட்டு ஆள்! 2023இல் கொட்டகைக்கு வந்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தில், மம்மூட்டி ஒரு மதியத் தூக்கத்தில் தமிழ்க் கிராமத்துச் சுந்தரமாகிவிடுகிறார். இரு மொழிக்கும் நடுவே ஒரு கோழித்தூக்க தூரம்தான்! ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) படத்தில் கொடைக்கானல் குகைக்குழியில் விழுந்த நண்பனுக்காக இன்னொருவன் கயிறு கட்டி இறங்குகிறான். தமிழகமே எழுந்து நின்று கைதட்டியது. யாரும் அவன் மொழியைக் கேட்கவில்லை.

2015இல் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ‘பெண்பிளை ஒருமை’யாகத் திரண்டு ஊரையே நிறுத்தினார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயத்தில் உறங்கிய 70 உயிர்களை விழுங்கியது. இவர்கள் கதைக்கு எந்தப் பெரிய நட்சத்திரம் கால்ஷீட் கொடுப்பார்?

கட்-அவுட்டுக்கு ஊற்றும் பால் நம் குழந்தை குடிக்க வேண்டிய பால். படம் பாருங்கள், சிரியுங்கள், அழுங்கள். வீடு திரும்பும் வழியில் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தில் உழைத்தவர் யார்? அவருக்குப் பெயர் இருந்ததா? அவருக்கு நியாயம் கிடைத்ததா?

பதில் சொல்லாத படத்துக்கு நம் வியர்வைக் காசு இல்லை என்போம்!